இது எந்த ‘உம்’?

போன வருஷம் மாசியில் எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் பெரிய சண்டை. மூன்று நாள் அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. காரணம் இரண்டே எழுத்து: ‘உம்’.

அண்ணனுக்கு ஊரில் பூர்வீக வீட்டில் ஒரு பங்கு உண்டு. செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு மற்றது விளங்கும். ஒரு வீட்டுக்கு ஏழெட்டுப் பங்காளிகள். ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் கோலாலம்பூரில், ஒருத்தர் எங்கே என்றே தெரியாது. ஓடு மாற்றவும் மழைத்தண்ணீர் ஒழுகலை அடைக்கவும் காசு மட்டும் வருஷா வருஷம் கேட்கும். ஒரு பங்காளி போன் போட்டு, “பேசாம குடுத்துரலாமாப்பா” என்றிருக்கிறார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் அதை அண்ணமிண்டியிடம் சொன்னார். (அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) அண்ணமிண்டி இடியாப்பம் பிழிந்துகொண்டே “உம்” என்றார். யார் யார் சம்மதம் என்று அண்ணன் சொன்னார். “உம்.” என்ன விலை போகும் என்று சொன்னார். “உம்… உம்.”

மறுநாள் காலையில் அண்ணன் பங்காளியைக் கூப்பிட்டு, “வீட்டுலயும் சரின்னுட்டாக” என்று சொல்லிவிட்டார்.

அண்ணமிண்டிக்கு இந்தச் செய்தி மூன்றாம் நாள்தான் வந்தது. அதுவும் காரைக்குடி கொப்புடையம்மன் கோவில் வாசலில் செருப்பு விடும் இடத்தில், இன்னொரு பங்காளி வீட்டு ஆச்சி வாய்மூலம்: “என்ன ஆச்சி, வீட்டைக் குடுக்கலாம்னு நீங்களே சொன்னீகளாமே?”

அன்று சாயங்காலம் நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது விவகாரம் உச்சத்தில் இருந்தது.

“நான் எப்பச் சொன்னேன்?”

“நீதானே உம் உம்னு சொன்ன.”

“உம்முன்னா கேக்குறேன்னு அர்த்தம். சரின்னா சரின்னு சொல்லத் தெரியாதா எனக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கல்லூரியில் மொழிப்பாடம் நடத்துகிறவள் நான். ஆணும் பெண்ணும் பேசுவதில் என்ன வேறுபாடு என்று ஒரு மணி நேரம் கரும்பலகையில் எழுதி விளக்குவதை இவர்கள் மூன்று வரியில் முடித்துவிட்டார்கள்.

சின்ன வயதில் அப்பத்தாவிடம் கதை கேட்டவர்களுக்கு உம் கொட்டுவது தெரியும். ராத்திரி முற்றத்தில் படுத்துக்கொண்டு அவர் கதை சொல்லும்போது நடுவில் உம் நின்றுவிட்டால் கதையும் நின்றுவிடும். “தூங்கிட்டியா?” அந்த உம்முக்கு, ராஜா செய்தது நியாயம் என்று நாம் ஒப்புக்கொண்டதாகப் பொருள் இல்லை. முழித்திருக்கிறேன், சொல்லு என்று மட்டும்தான் பொருள். ஆனால் அதே உம்மை வேறு ஒரு பொருளிலும் நாம் சொல்கிறோம். “நாளைக்கு வந்துருவியா?” “உம்.” இங்கே அது ‘சரி’.

டேனியல் மால்ட்ஸ், ரூத் போர்க்கர் என்ற இரண்டு மானுடவியலாளர்கள் 1982-ல் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஆங்கிலத்து உம்மை. பேச்சுக்கு நடுவில் பெண்கள் கொட்டும் உம்முக்கு ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று பொருள். ஆண்கள் கொட்டும் உம்முக்கு ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று பொருள். இது அவர்கள் வைத்த ஊகம். அப்படியிருந்தால் இரண்டு பக்கமும் மனஸ்தாபம் வரத்தானே செய்யும். அவள் எல்லாவற்றுக்கும் உம் கொட்டிவிட்டுக் கடைசியில் மாட்டேன் என்கிறாள் என்று அவனுக்குக் குழப்பம். சுவரோடு பேசுவது மாதிரி இருக்கிறது என்று அவளுக்கு வருத்தம். அவன் ஒத்துக்கொள்ளாததற்கு உம் கொட்டவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர்கள் சொன்ன காரணம் விளையாட்டு. பையன்கள் பெரிய கும்பலாக விளையாடுகிறார்கள். அதில் யார் தலைவன், யார் சொன்னது செல்லும் என்பது முக்கியம். பெண்பிள்ளைகள் சின்னக் குழுவாக, பெரும்பாலும் இரண்டு பேராக விளையாடுகிறார்கள். அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது முக்கியம். அவர்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றி வந்த ஆய்வுகளை. எனக்கு நினைவு வந்தது எங்கள் தெருதான். வெளியே கிட்டிப்புள் ஆடும் பையன்கள், “அவுட்டு”, “இல்லடா”, “நீ யார்ரா சொல்ல” என்று பாதி நேரம் ஆட்டத்தையும் மீதி நேரம் தகராறையும் ஆடுவார்கள். உள்ளே பட்டாலையில், ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில், பல்லாங்குழி. அந்தப் பலகையில் இரண்டு பேருக்குத்தான் இடம். எதிராளி முகத்தைப் பார்த்தபடி புளியங்கொட்டையை எண்ணிக்கொண்டே ஊர்க்கதை பேசலாம்.

இந்த யோசனையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர் அமெரிக்க மொழியியலாளர் டெபோரா டானன். 1990-ல் அவர் வைத்த பிரிவைத் தமிழில் உறவுப் பேச்சு, தகவல் பேச்சு என்று சொல்லலாம். பெண்கள் பேச்சை நெருக்கம் வளர்க்கப் பயன்படுத்துகிறார்கள், ஆண்கள் செய்தி சொல்லவும் தங்கள் நிலையைக் காட்டவும் பயன்படுத்துகிறார்கள் என்பது அவர் வாதம். முழங்கால் வலிக்கிறது, இந்த மாடிப்படி ஏற முடியவில்லை என்று ஓர் ஆச்சி சொன்னால் பக்கத்திலிருக்கும் ஆச்சி, “எனக்கும் அப்படித்தான், ராத்திரியெல்லாம் தூக்கமில்லை” என்பார். வீட்டுக்காரர், “டாக்டர்ட்ட போன்னு எத்தனை தடவை சொல்றது” என்பார். அவரும் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் ஆச்சி கேட்டது வைத்தியம் இல்லை, கூட்டு. வலியில் கூட்டு.

முதல்முறை படிக்கும்போது இது கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். ‘ஆமா, எங்க வீட்டுலயும் இப்படித்தான்’ என்று தோன்றும். என் மாணவிகள் இந்த இடத்தில் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். அங்கேயே நின்றுவிட்டால் கெட்டது. ஆணும் பெண்ணும் வேறு வேறு கிரகத்து ஆட்கள் என்கிற ரகப் பேச்சுக்குப் போய்ச் சேருவோம். அந்த ரகத்துக்குக் கூட்டம் உண்டு, சரக்கு குறைவு.

ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்கலாம். பெண்கள் வாயாடிகள் என்று ஊரே சொல்கிறது. ஒரு நாளைக்குப் பெண் 20,000 சொல் பேசுகிறாள், ஆண் 7,000 சொல் என்று ஒரு கணக்கு பல வருஷமாகச் சுற்றிவந்தது. யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்னதில்லை. மத்தியாஸ் மெல் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் எண்ணினார்கள். அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் 396 கல்லூரி மாணவர்களிடம் சின்ன ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்தார்கள். அது பன்னிரண்டரை நிமிஷத்துக்கு ஒருமுறை 30 விநாடி தானாகப் பதியும். 2007-ல் வந்த முடிவு: பெண்கள் சராசரி 16,215 சொல், ஆண்கள் 15,669. புள்ளியியல் பார்வையில் அது வேறுபாடே இல்லை. பிறகு 2025-ல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து அதே மாதிரி ஆய்வு வந்தது. அதில் 25-லிருந்து 64 வயதுவரை உள்ள பெண்கள் ஆண்களைவிட நாளுக்குச் சுமார் 3,000 சொல் கூடப் பேசியிருந்தார்கள். மற்ற வயதுகளில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பிள்ளை வளர்க்கிற வயது அது என்பது ஒரு விளக்கம். “சாப்பிடு, குளி, பையை எடு, அதை வாயில வைக்காதே” என்பதையெல்லாம் எண்ணினால் 3,000 வருவது பெரிய விஷயமா?

எத்தனை சொல் என்பதைவிட, யார் சொல் தங்குகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பமேலா ஃபிஷ்மன் என்ற சமூகவியலாளர் 1970-களில் மூன்று தம்பதிகள் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவி வைத்து 52 மணி நேரப் பேச்சைச் சேர்த்தார். அதில் ஒரு பகுதியில் 76 முறை புதுப் பேச்சு எடுக்கப்பட்டது. 47 முறை பெண் எடுத்தாள், 29 முறை ஆண் எடுத்தான். ஆண் எடுத்த 29-ல் 28 பேச்சு வளர்ந்தது. பெண் எடுத்த 47-ல் வளர்ந்தது 17. மற்றவற்றில் பல “உம்” போன்ற ஒற்றைச் சொல்லோடு படுத்துவிட்டன. பெண்கள் ஏன் “உங்களுக்குத் தெரியுமா…”, “ஒண்ணு கேக்கட்டா…” என்று கேள்வியாகத் தொடங்குகிறார்கள் என்பதற்கும் அவர் இதிலேயே பதில் கண்டார். கேள்வி போட்டால்தான் எதிராளி வாயைத் திறந்தாக வேண்டும். தூண்டில் மாதிரி.

குறுக்கே பேசுவதற்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1975-ல் டான் சிம்மர்மன், கேண்டஸ் வெஸ்ட் இருவரும் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்ட 11 உரையாடல்களைப் பார்த்தார்கள். 48 முறை குறுக்கீடு, அதில் 46 ஆண் செய்தது. 11 உரையாடல் மிகக் குறைவு, ஒரே ஒரு வாயாடி ஆண் இருந்தால்கூடக் கணக்கு சாய்ந்துவிடும் என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். நியாயமான குறைதான்.

அதைவிட, குறுக்கே பேசுவது எல்லா இடத்திலும் குறுக்கீடுதானா என்பதையே கேட்க வேண்டும். இதைக் காரைக்குடிப் பக்கத்துக் கல்யாண வீட்டில் நேரில் பார்க்கலாம். வீட்டின் முன்பக்கத்து முகப்பில் ஜமுக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். அவர் முடித்துச் செருமிய பிறகு அடுத்தவர். உள்ளே ரெண்டாங்கட்டில் பத்து ஆச்சிமார் சுற்றி உட்கார்ந்து மனகோலம் என்ற பலகாரத்துக்குப் பாகு ஊற்றிக் கிளறுவார்கள். அங்கே ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவார்கள். ஒருத்தர் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருத்தர் முடிப்பார், மூன்றாமவர் திருத்துவார், முதலாமவர் கோபிக்கவே மாட்டார். பாகு பதம் தப்புவதும் இல்லை. கரோல் எடெல்ஸ்கி 1981-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கமிட்டிக் கூட்டங்களைப் பதிவு செய்து இதே இரண்டு வகையைத்தான் கண்டார். ஒருவர் பின் ஒருவராகப் பேசும் அரங்கு ஒன்று, எல்லாரும் சேர்ந்து கட்டும் அரங்கு இன்னொன்று. முதலாவதில் ஆண்களின் பேச்சு நீண்டது. இரண்டாவதில் பெண்கள் சரிசமமாகப் பேசினார்கள். அதே ஆட்கள், அதே அறை. பேச்சு நடக்கிற முறை மாறியதும் ஆளே மாறின மாதிரி ஆகிவிட்டது.

இந்த இடத்தில் எங்கள் அப்பத்தா கதையைச் சொல்ல வேண்டும்.

ஐயா (அப்பாவின் அப்பா) ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி மூன்று வருஷக் கணக்கு. போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் ஊர். அந்த மூன்று வருஷமும் வீடு, வயல், குத்தகை, கோவில் வரி எல்லாம் அப்பத்தா கையில். குத்தகைக்காரர் நெல் கொண்டுவந்து இறக்கினால் அப்பத்தா முகப்புக்கே வந்து நின்று கணக்குக் கேட்பாராம். “பேசினது எட்டு மூட்டை. இங்கன ஏழுதான் இருக்கு. மிச்சம் எப்ப வரும்?” இதை அத்தை சொல்லி நான் கேட்டது. சுற்றிவளைப்பு இல்லை, ‘போலருக்கே’ இல்லை, ‘இல்லையா’ இல்லை.

1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. ஐயா மற்ற பல பேரைப் போல நடந்தும் வண்டியேறியும் ஊர் வந்து சேர்ந்தார். திரும்பிப் போகவே இல்லை. முகப்பில் ஐயா உட்கார்ந்ததும் அப்பத்தா ரெண்டாங்கட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சொல்வாராம்: “இந்த வருசம் கண்மாயில தண்ணி பத்தாது போலருக்கே… குத்தகையைக் கொஞ்சம் பாத்துப் பேசினாத் தேவலையோ என்னமோ.” பேசியது அதே தொண்டைதான். கண்மாய்க் கணக்கு ஐயாவைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

‘பெண் பேச்சு’ என்று ஒரு பட்டியலைப் போட்டவர் மொழியியலாளர் ராபின் லேக்காஃப், 1970-களில். வாக்கியத்தின் வாலில் ‘இல்லையா’ போடுவது, சந்தேகத்தோடு சொல்வது, அளவுக்கு மீறிய மரியாதை. பெண்களை இப்படிப் பேசப் பழக்கிவிட்டு, பிறகு இப்படிப் பேசுவதால் தலைமைக்கு லாயக்கில்லை என்கிறார்கள் என்பது அவர் கோபம். தமிழில் நமக்கு இதற்கென்றே இடைச்சொற்கள் இருக்கின்றன. ‘வருவீக தானே’, ‘உப்புக் கூடிப்போச்சோ’, ‘அவரு சொன்னாருல்ல’. எல்லா ‘தானே’யும் தயக்கம் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். புதிதாக வந்த மருமகளிடம் மாமியார், “உங்க ஊர்லயும் கந்தரப்பம் இப்படித்தானே சுடுவீக?” என்று கேட்டால், அது அந்தப் பெண்ணைப் பேச்சுக்குள் இழுத்து உட்கார வைப்பது.

லேக்காஃப் பட்டியலை எடுத்துக்கொண்டு வில்லியம் ஓபார், போமன் அட்கின்ஸ் இருவரும் அமெரிக்காவின் வட கரோலினா மாநில நீதிமன்றங்களில் சாட்சிகளின் பேச்சைப் பதிவு செய்தார்கள். 1980-ல் அவர்கள் சொன்ன முடிவு என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் ஆணிவேர். ‘பெண் பேச்சு’ எல்லாப் பெண்களிடமும் இல்லை. சில ஆண்களிடமும் அது நிறைய இருந்தது. மருத்துவர் போன்ற நிலையில் கூண்டேறிய பெண்கள் வாலில்லாமல் நேராகப் பேசினார்கள். வேலையில்லாதவர், எளிய வேலை பார்ப்பவர் என்றால் ஆணும் தயங்கித் தயங்கிப் பேசினார். ஆகவே இதற்கு ‘அதிகாரம் இல்லாதவர் பேச்சு’ என்று பெயர் வைத்தார்கள். பெண்கள் அந்தப் பேச்சைப் பேசுவது கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம், அந்த இடத்தில் கூடுதலாக நிற்க வைக்கப்படுகிறவர்கள் அவர்கள். அப்பத்தா முகப்பில் நின்றால் ஒரு பேச்சு, நிலைக்கதவோரம் நின்றால் ஒரு பேச்சு.

மடகாஸ்கரில் இது தலைகீழ். எலினோர் ஓக்ஸ் என்ற மானுடவியலாளர் 1970-களில் அங்கே ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். அங்கே சுற்றிவளைத்துப் பேசுவது ஆண்கள். எதையும் நேரடியாகச் சொல்லாமல் பழமொழியும் உவமையுமாக நயமாகப் பேசுவதுதான் அவர்களுக்குப் பெருமை. சந்தையில் பேரம் பேசுவது, தப்புச் செய்தவனை முகத்துக்கு நேரே திட்டுவது எல்லாம் பெண்கள் வேலை. ஆண்கள் சொல்லக் கூசுகிற விஷயத்தைப் பெண்களை விட்டே சொல்ல வைப்பார்கள். இதில் உயர்ந்த பேச்சு என்று ஊர் எதை மதித்தது தெரியுமா? சுற்றிவளைப்பதைத்தான். இங்கே பெண்கள் சுற்றிவளைத்தால் அது பலவீனம், அங்கே ஆண்கள் சுற்றிவளைத்தால் அது பண்பாடு! இதைப் படித்த அன்று எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

தமிழில் இந்த ஏற்றத்தாழ்வு இலக்கணத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அவன் ‘நீ’ என்கிறான், அவள் ‘நீங்க’ என்கிறாள். அவர் வந்தாக, சாப்பிட்டாக; அவள் வந்தா, சாப்பிட்டா. புருஷன் பெயரைச் சொல்லவே கூடாது என்ற வழக்கம் வேறு. கோவிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால், பக்கத்தில் நிற்கும் பிள்ளையை இடித்துச் சொல்ல வைத்த காலத்தை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் வழக்கப்படி மூத்த பேரனுக்கு ஐயா பெயர்தான். அதனால் அப்பத்தா என் அண்ணனை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ராசா” என்பார். நாலு வயதுப் பொடியனைக்கூடப் பெயர் சொல்ல முடியாத ஒருவர், கண்மாய்த் தண்ணீர் விஷயத்தை எப்படி நேராகச் சொல்வார்? இப்போது இளசுகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், நீ நான் என்று பேசுகிறார்கள். அவர்கள் வீட்டிலும் சண்டை வருகிறது. ஆனால் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை.

எல்லா வேறுபாட்டையும் சேர்த்து அளந்து பார்த்தவர் உளவியலாளர் ஜேனட் ஹைட். 2005-ல் அதுவரை வந்திருந்த 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள்) ஒன்றாக வைத்துப் பார்த்தார். அவற்றில் பேச்சும் உண்டு, கணக்குத் திறமையும் உண்டு, இன்னும் பலவும் உண்டு. பெரும்பாலானவற்றில் ஆண் பெண் வேறுபாடு மிகச் சிறியது, அல்லது இல்லை. இரண்டு பெண்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசமே பல நேரம் அதைவிடப் பெரிது. எங்கள் வீட்டிலேயே அத்தை பேச ஆரம்பித்தால் மணிக்கணக்கு. ஆத்தா (அம்மா) நாலு சொல்லில் முடிப்பார். அப்பச்சி (அப்பா) பெட்டிக்கடையில் நின்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் உறவுப் பேச்சு பெண்களுக்கு மட்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் அண்ணன் வீட்டு உம்மை என்ன செய்வது? அண்ணனிடம் நான் கேட்டது ஒன்றுதான். “அண்ணே, அதே உம்மை உங்க பங்காளி போன்ல சொல்லியிருந்தா, சரின்னுட்டாருன்னு எடுத்துக்கிட்டிருப்பீகளா?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “எப்படி எடுத்துக்கிறது? எழுதிக் குடுன்னு கேட்டிருப்பேன்” என்றார். அண்ணமிண்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். தான் சொன்னது அண்ணன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

வீடு இன்னும் விற்கவில்லை. கோலாலம்பூர்ப் பங்காளி கையெழுத்துப் போட வரவில்லை என்பது வெளியே சொல்லும் காரணம். போன வாரம் போயிருந்தேன். முன்பக்கத்து ஓட்டை மட்டும் இப்போது மாற்றலாம், பின்கட்டை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அண்ணன் விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணமிண்டி முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே, “உம்” என்றார்.

அண்ணன் பேச்சை நிறுத்தினார். “இது எந்த உம்? கேக்குற உம்மா, சரிங்கிற உம்மா?”

“முதல்ல முழுசாச் சொல்லுங்க” என்றார் அண்ணமிண்டி, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.